கடைக்கு எதுத்தாப்புல ஒரு தோட்டம்

கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி உக்காருங்க தம்பி, பை இருக்கு. இல்ல இல்ல, மேல வெக்க வேணாம், கீழயும் வேணாம், நசுங்கிப்போகும். மடியிலயே வெச்சுக்கிறேன். நீங்க திண்டுக்கல் வரைக்குமா? நான் செம்பட்டியில எறங்கிருவேன்.

அட, என்னையப் பாத்ததும் பாக்கெட்டை எதுக்கு ஒளிக்கிறீங்க? சாப்பிடுங்க, தாராளமாச் சாப்பிடுங்க. நானே பாக்கெட் விக்கிற ஆளுதான். பெரியகுளத்துக்குக் கிழக்க ஒரு சின்ன ஊரு. யூனியன் ஸ்கூல் கேட்டுக்கு நேர் எதுத்தாப்புல பால்பாண்டி ஸ்டோர்னு போர்டு தொங்கும். நான்தான் பால்பாண்டி.

இன்டர்வெல் மணி அடிச்சா கடை முன்னாடி கை கையா நீளும் தம்பி. மூஞ்சியே பாக்க வேணாம், கையைப் பாத்தே சொல்லிருவேன், இது தேன்மிட்டாய், இது முறுக்கு, இது காரப் பாக்கெட்டுன்னு. மாமா எனக்கு, மாமா எனக்குன்னு ஒரே கூப்பாடா இருக்கும். எங்களுக்குப் புள்ளை இல்ல. நீங்க கேக்கிறதுக்கு முந்தி நானே சொல்லிடுறேன், எப்படியும் எல்லாரும் கேப்பாக. அதனால அந்த இன்டர்வெல் நேரம் எனக்கு... சரி, அத விடுங்க. யாவாரம்னா யாவாரம். அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

அந்த யாவாரத்தைக் கெடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? பக்கத்துக் கடைக்காரனா? ஆன்லைனா? என் பொண்டாட்டிதான், தம்பி. தாலி கட்டுன சொந்தப் பொண்டாட்டி. பேரு சந்தனமாரி. பேரு மட்டுந்தான் சந்தனம்.

ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்ததும் ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துலருந்து ரெண்டு பேரு வந்தாக. ஸ்கூல்ல காய்கறித் தோட்டம் போடணும், எதைத் தின்னா ஒடம்புக்கு நல்லதுன்னு புள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கணும், ஊர்ல யாராச்சும் சேவை செய்ய வாரீகளான்னு கேட்டாக. ஊரே தரையப் பாத்துச்சு. இவ கையத் தூக்கிட்டா. ரேஷன் கடையில நிக்கச் சொன்னா முட்டி வலிக்குதும்பா, சேவைன்னதும் முட்டி சரியாப்போச்சு! பயிற்சி குடுத்து ஒரு பச்சைத் தொப்பியும் குடுத்து அனுப்புனாக. அந்தத் தொப்பியை நீங்க பாக்கணுமே. தோசை சுடும்போதும் தொப்பி, துணி தொவைக்கும்போதும் தொப்பி. "ஏத்தா, வீட்டுக்குள்ள என்ன வெயிலா அடிக்குது?"ன்னு கேட்டேன். "ஒங்களுக்குப் பொறாமை"ன்னா. தொப்பிக்கு நான் பொறாமைப்படுறேனாம்!

மொதல்ல நான் கண்டுக்கல. நல்லா நடக்கட்டும், நமக்கென்னன்னு இருந்தேன். ஸ்கூல் சுவரோரமா புள்ளைக கல்லு பொறுக்கி, கொத்தி, பாத்தி கட்டி, வெதை போட்டுச்சுக. மறுநாளே ஆரம்பிச்சிருச்சு கூத்து. மொளைச்சிருச்சா மொளைச்சிருச்சான்னு ஒவ்வொண்ணும் வெதையைத் தோண்டித் தோண்டிப் பாக்குது! பாத்துட்டுத் திரும்பப் பொதைக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு வந்து தோண்டுது. வெதை எப்படித்தான் மொளைக்கும்? நான் கடையில உக்காந்துக்கிட்டே சிரிச்சேன். "ஒன் தோட்டத்துல தெனம் அறுவடைதான் போல"ன்னேன். அவ மறுபடி வெதை வாங்கிட்டு வந்து போட்டா. "தோண்டிப் பாத்தா வெதைக்குத் தூக்கம் கலைஞ்சிரும்"னு சொல்லியிருக்கா. அன்னையிலருந்து பாத்திப் பக்கத்துல போனா புள்ளைக கிசுகிசுன்னுதான் பேசுதுக. நான் வாங்கடான்னு சத்தமாக் கூப்பிட்டா, உஸ்ஸுன்னு என்னைய அதட்டுதுக தம்பி, என்னைய!

அது வரைக்கும் வெளையாட்டு. பெறகுதான் வினையே வந்துச்சு.

ஒருநா காலையில வந்து, "ஒரு காரப் பாக்கெட் குடுங்க"ன்னா. பரவால்லையே, நம்ம பொண்டாட்டி நம்ம கடையில வாங்குறாளேன்னு சந்தோசமாக் குடுத்தேன். எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கொண்டுபோயி அஞ்சாம் வகுப்புல பிரிச்சு, ஒரு நியூஸ் பேப்பர்ல கொட்டி, நசுக்கி வெச்சுட்டா. கொஞ்ச நேரம் பொறுத்து பேப்பரைத் தட்டிட்டு ஜன்னலுக்கு நேரா தூக்கிப் புடிச்சாளாம். பேப்பர் பூராம் எண்ணெய். அங்கிட்டு இருக்கிற வேப்பமரம் இங்கிட்டுத் தெரியுதாம். "இம்புட்டும் ஒங்க வயித்துக்குள்ள போகுது"ன்னுருக்கா. அவ்வளவுதான். இன்டர்வெல் மணி அடிச்சுச்சு. ஒரு கை நீளல. அஞ்சாவது படிக்கிற கௌசிகான்னு ஒரு வாயாடி, அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு வந்து என் மூஞ்சிக்கு நேரா புடிச்சு, "கடை மாமா, நீங்க தெரியுறீக"ங்குது!

நான் கேக்கிறேன் தம்பி, எண்ணெய் இல்லாம எப்படிப் பொரிக்கிறது? நியாயமாச் சொல்லுங்க. சரி, நீங்க வாயில வெச்சிருக்கீங்க, மெதுவாவே சொல்லுங்க.

அதுலருந்து கடை வெறிச்சுன்னு போச்சு. பென்சில் வாங்க வரும், ரப்பர் வாங்க வரும், வாங்கிட்டு நேராத் தோட்டத்துக்கு ஓடிரும். முன்னாடியெல்லாம் என் கடை வாசல்லதான் நின்னு சண்டை போடும், பல்லு விழுந்தா என்கிட்டதான் வந்து காட்டும். இப்ப எல்லாம் அத்தைகிட்ட. அத்தை பூ வெச்சிருச்சு, அத்தை புழு வந்துருச்சு, அத்தை அத்தைன்னு. நான் ஒருத்தன் எதுத்தாப்புல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். கோவம் வருமா வராதா?

வந்துச்சு. அதனால ஒரு வேலை பாத்தேன். தப்பா நினைக்காதீங்க, எல்லாக் கடைக்காரனும் செய்யிறதுதான். ரெண்டு பாக்கெட் வாங்குனா ஒரு பீப்பீ சும்மான்னு அட்டையில எழுதித் தொங்கவிட்டேன். கலர் கலரா பீப்பீ. சும்மான்னா விடுவாகளா? இன்டர்வெல்ல கடை முன்னாடி கை நீண்டுச்சு பாருங்க, பழையபடி! மாமா எனக்கு, மாமா எனக்குன்னு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு, காரப்பொடி பட்டிருக்கும். அள்ளி அள்ளிக் குடுத்தேன். ஒரு பாக்கெட் வாங்குன புள்ளைக்கும் பீப்பீ குடுத்தேன். ஒண்ணும் வாங்காத புள்ளைக்கும் குடுத்தேன். ஸ்கூல் பூராம் பீ பீன்னு ஒரே சத்தம். பெரிய டீச்சர் வெளிய வந்து காதைப் பொத்திக்கிட்டு என்னையப் பாத்துச்சு. நான் வணக்கம் போட்டேன்.

அன்னைக்குன்னு பாத்து தோட்டத்துல மொத கீரை அறுத்திருக்காக. சத்துணவுல போட்டுப் புள்ளைகளுக்குக் குடுக்கிற நாளாம். எனக்கு யாரு சொன்னா? இல்ல, அவ சொன்னா, முந்துன நாளு சாயங்காலம் சொன்னா. "நாளைக்கு எங்க கீரை, நீங்களும் ஒரு வாய் சாப்பிட வரணும்"னா. டிவியில கபடி ஓடிக்கிட்டு இருந்துச்சு தம்பி, கடைசி நிமிசம். கபடியில கடைசி நிமிசம்னா எப்படி இருக்கும்னு ஒங்களுக்கே தெரியும். ம்ம்னு சொன்னேன். ம்முன்னு சொல்றதெல்லாம் கேட்டதா ஆகுமா?

மத்தியானம் நடந்ததை சத்துணவு சமைக்கிற பேச்சியம்மாதான் வந்து சொல்லுச்சு. சிறுகீரையை மசிச்சு, பூண்டு தட்டிப் போட்டு, மணக்க மணக்க எறக்கி வெச்சுச்சாம். இவ தொப்பியோட நின்னு ஒவ்வொரு தட்டுலயும் அவ கையாலயே போட்டாளாம். புள்ளைகளுக்கு வயித்துல எடமில்ல. காரப் பாக்கெட் தின்ன வெரலு அம்புட்டும் ஆரஞ்சு கலரு. கீரையை ஓரமாத் தள்ளிட்டு, சோத்தையும் தள்ளிட்டு, எந்திரிச்சுப் போயி பீப்பீ ஊதுச்சுகளாம். சட்டி நெறையா மிஞ்சிப்போச்சு. மாட்டுக்குக் கழனித்தொட்டியில ஊத்துறதுக்கு முன்னாடி, இவ ஒரு தட்டுல கீரையைப் போட்டுக்கிட்டு, புள்ளைக உக்காருற வரிசையில தனியா உக்காந்து சாப்பிட்டாளாம்.

கீரைதான தம்பி? கட்டுக் கட்டா சந்தையில கெடைக்குது. அதுக்கு இம்புட்டா?

வீட்டுக்கு வந்து சத்தம் போடுவான்னு தயாரா இருந்தேன். அவ சத்தம் போட்டா எனக்குச் சமாளிக்கத் தெரியும். நானும் போடுவேன், பக்கத்து வீட்டுல ரேடியோவைக் கூட்டுவாக, அப்படியே அடங்கிரும். அன்னைக்கு சத்தமே இல்ல. தொப்பியைக் கழட்டி ஆணியில மாட்டுனா. "கீரை நல்லாத்தான் இருந்துச்சு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. விடிஞ்சதும் பைய எடுத்துக்கிட்டு செம்பட்டியில அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. போன் போட்டா எடுக்கல. மச்சான்தான் எடுப்பாரு. "நல்லா இருக்கா மாப்ள"ம்பாரு, வச்சிருவாரு. அந்த மனுசன் வாயிலருந்து வார்த்தையைப் புடுங்குறதுக்குள்ள நமக்கு உயிரு போயிரும்.

எனக்கும் வீம்பு இருக்குல்ல? போனவளுக்கு வரத் தெரியும்னு இருந்துட்டேன். நாலு நாளைக்கு ஓட்டல் புரோட்டா. வயிறு எரிஞ்சுச்சு. மனசெல்லாம் ஒண்ணுமில்ல, வயிறுதான்.

புள்ளைகதான் விடல. கடைப்பக்கம் வந்து வரிசையா நிக்கும். ஒண்ணும் வாங்காது. "அத்தை எங்க?" "ஊருக்குப் போயிருக்கு." "எப்ப வரும்?" "வரும்." "நீங்க தொரத்திவிட்டுட்டீகளாம்ல?" இதைக் கேட்டது அந்த கௌசிகா. குடுத்த பீப்பீயெல்லாம் ஒரு கவர்ல போட்டுக் கொண்டாந்து என் மேசையில வெச்சுட்டுப் போச்சுக. எச்சி பண்ணுன பீப்பீயை யாரு திரும்ப வாங்குவா? அட்டையைக் கிழிச்சுப் போட்டேன். யாவாரமே வேணாம்னு இல்ல, அட்டை நனைஞ்சிருந்துச்சு.

பெறகு காலாண்டுப் பரிச்சை லீவு விட்டாக. ஸ்கூலைப் பூட்டிட்டு எல்லாரும் போயிட்டாக. தோட்டம் தனியாக் கெடந்துச்சு. வெயிலுன்னா வெயிலு. நான் ஒண்ணும் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தப் போகல தம்பி, அதைத் தெளிவாச் சொல்லிடுறேன். கடை வாசல்ல புழுதி பறக்குதேன்னு ஓஸ் பைப்பை எடுத்தேன். பைப்பு நீளமா இருந்துச்சு. ரோட்டைத் தாண்டி, கேட்டுக் கம்பிக்குள்ள நுழைஞ்சு போயிருச்சு. தண்ணியை வீணாக்கக் கூடாதுல்ல?

ஒருநா ஆடு ரெண்டு சுவரேறிக் குதிச்சிருச்சு. பெரிய டீச்சர் வீட்டுக்கு ஓடிப்போயி சாவியை வாங்கிட்டு வந்து வெரட்டுனேன். கத்திரிச் செடியைக் கடிச்சு வெச்சிருந்துச்சு. அந்தச் சாவியைத் திருப்பிக் குடுக்கணும்னு தெனமும் நினைப்பேன். மறந்துபோயிரும்.

உள்ள போனப்பதான் பாத்தேன். ஒவ்வொரு பாத்தியிலயும் ஒரு குச்சி நட்டு, அட்டையில பேரு எழுதி ஒட்டியிருக்கு. வெண்டைக்குப் பெரிய டீச்சர் பேரு. தக்காளிக்குப் பேச்சியம்மா பேரு. சுவரு மூலையில ஒரு பாகக்கொடி தரையில சுருண்டு கெடக்கு. அதுல குச்சி. என்ன எழுதியிருக்குங்கிறீக? "கடை மாமா." பாகக்காய்க்கு என் பேரு! ஊருல வேற காயே இல்லையா? எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. லீவுலயும் ரோட்டுல சைக்கிள் ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சுச்சு அந்த கௌசிகா. கூப்பிட்டேன். "யாரு வெச்ச பேரு இது? நீதான?"ன்னேன். "நான் இல்ல மாமா, அத்தைதான் வெச்சுச்சு"ங்குது. "கசக்கும்கிறதுக்காகவா?"ன்னேன். அது என்னைய ஒரு மாதிரிப் பாத்துச்சு. "அத்தைக்கு ரொம்பப் புடிச்ச காயி அதுதான் மாமா. அதான் ஒங்க பேரு"ன்னுட்டு பெல்லை அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு.

அவளுக்குப் பாகக்காய் புடிக்கும்னு எனக்குத் தெரியாது தம்பி. கல்யாணம் ஆனதுலருந்து எங்க வீட்டுல பாகக்காய் செஞ்சதே இல்ல. எனக்கு அந்த வாசமே ஆகாதுன்னு கல்யாணம் ஆன புதுசுல ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். சொன்னதும் மறந்துபோச்சு. அவ மறக்கல போல. கொஞ்ச நேரம் அந்தப் பாத்தி ஓரமாவே உக்காந்துட்டேன். வேற ஒண்ணுமில்ல, வெயிலு, தலை சுத்துச்சு.

கொடி தரையில கெடந்தா காயி மண்ணுல பட்டு அழுகிரும், கோணக்கோணலா சுருளும். அதுக்குப் பந்தல் போடணும். இதை எங்க கத்துக்கிட்டேன்னு கேக்காதீங்க, அவ புள்ளைகளுக்குச் சொல்றது காத்துல வந்து காதுல விழும். கடையில பாக்கெட்டுச் சரம் தொங்கவிடுற கயிறெல்லாம் சும்மாதான கெடந்துச்சு? அதை அவுத்து, நாலு கம்பு ஊனி, குறுக்கும் நெடுக்குமா இழுத்துக் கட்டுனேன். கொடி தானா புடிச்சு ஏறுச்சு தம்பி. சும்மா ஒரு நுனியைக் கயித்துல தொட்டு வெச்சாப் போதும், மறுநாளு பாத்தா ரெண்டு சுத்து சுத்தியிருக்கும். வெரல் புடிச்ச மாதிரி. தோண்டித் தோண்டிப் பாத்துச்சே அந்தப் புள்ளைக, அதுகளைப் பாத்துச் சிரிச்சேன்ல? நான் காலையில ஒருக்கா போவேன், கடையைத் தொறந்துட்டு ஒருக்கா போவேன், மத்தியானம் ஒருக்கா. காயி எம்புட்டு வளந்துருக்குன்னு பாக்கத்தான். யாவாரி இல்லையா நானு, சரக்கைப் பாக்க வேணாமா?

என்ன, சிரிக்கிறீங்க? சிரிங்க சிரிங்க.

வத்தலக்குண்டு தாண்டிருச்சா? சரி. இப்ப எதுக்குப் போறேன்னு சொல்லலையே. நியாயம் கேக்கப் போறேன் தம்பி. அவ அண்ணன் முன்னாடி வெச்சு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரப்போறேன். கட்டுன புருசன் கடையைக் கவுத்தியே, கீரைக்காக வீட்டை விட்டு வந்தியே, பாகக்காய்க்கு என் பேரை வெச்சு ஊரைச் சிரிக்க வெச்சியேன்னு. நாளைக்கு ஸ்கூல் தொறக்குது. புள்ளைக வந்து அத்தை எங்கன்னு நின்னா நான் என்ன சொல்றது? அதைக் கேக்கணும் மொதல்ல. வரலைன்னா... வரலைன்னா பாப்போம்.

பையில என்னான்னா கேக்கிறீங்க? ஆதாரம். வாய்ப்பேச்சு எடுபடாது பாருங்க, அதான். பிரிச்சுக் காட்டுறேன், இந்தா பாருங்க. என்ன பச்சை! முள்ளு முள்ளா எப்படி இருக்கு பாருங்க. ஒரு பூச்சி இல்ல, ஒரு சொத்தை இல்ல. வேப்பங்கொட்டையை இடிச்சு ஊற வெச்சுத் தெளிச்சேன், மருந்து ஒரு சொட்டு அடிக்கல. இன்னைக்குக் காலையில பனி காயிறதுக்கு முந்தி பறிச்சது. கீழ ஈரத்துணி போட்டிருக்கேன். பாத்துத் தொடுங்க, பாத்து! அந்த வெரலைத் தொடைச்சுட்டுத் தொடுங்க தம்பி, பூராம் எண்ணெய். அந்தப் பாக்கெட்டுல என்னதான் போடுறாய்ங்களோ, கருமம்.

ரெண்டு எடுத்துக்குங்க. அட, சும்மா எடுங்க. ஒங்க வீட்டுல புடிக்குமா? தெரியாதா? போனதும் மொத வேலையாக் கேளுங்க. வெளையாட்டுக்குச் சொல்லல, கேளுங்க. ஒண்ணைப் பழுக்க விட்டு வெதையை எடுத்து வெச்சுக்குங்க, தொட்டியிலயே வரும். ஆனா பந்தல் முக்கியம். பந்தல்ல தொங்குனாத்தான் இப்படி நேரா எறங்கும். தரையில கெடந்ததுன்னா கோணலாத்தான் இருக்கும், பாத்ததுமே தெரிஞ்சுபோயிரும்.

அதுதான் தம்பி இப்ப பிரச்சனையே. செம்பட்டி வருது பாருங்க, அந்தா ரவுண்டானா. கேக்க வேண்டியதையெல்லாம் வீட்டுலருந்தே வரிசையா மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். ஆனா அவ என்னையப் பேச விடமாட்டா. பையைப் பிரிப்பா. ஒரு காயை எடுத்து அப்பிடி இப்பிடித் திருப்பிப் பாப்பா. காயி நேரா இருக்கிறதைப் பாத்துட்டு, "பந்தல் போட்டது யாரு?"ன்னு கேப்பா.

அதுக்கு என்ன சொல்றதுன்னு மட்டும் இந்நேரம் வரைக்கும் எனக்குத் தெரியல. கண்டக்டர், எறங்கணும், நிப்பாட்டுங்க. கொஞ்சம் காலை மடக்குங்க தம்பி, பை நசுங்கிரும்.